பழைய ஓனர் விட்டுப்போன எஞ்சின் வில்லங்கம்: அம்பாசிடர், பத்மினி, ஹெரால்டு வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலம் வாங்குகிறவர் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். நாற்பது வருஷம் ஓடிய எஞ்சினுக்கு அப்படி ஒரு சான்று எந்த ஆபீஸிலும் கிடைக்காது. யார் யார் கைவைத்தார்கள், எதைக் கழற்றினார்கள், எதை அடைத்தார்கள் என்ற கணக்கெல்லாம் பானெட்டுக்கு அடியில்தான் கிடக்கிறது. மதுரை வட்டாரத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர், 1089 சிசி பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றையும் மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அளவு சொல்லும் இடத்தில் அது எந்த வண்டிக்கு என்பதையும் சொல்லியிருக்கிறோம்.

கே: வண்டி வாங்கிக் கொண்டுவந்தாச்சு. ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, ஆனா எங்கேயோ சரியில்லை. முதல்ல எதைப் பார்க்கணும்?

முதல் நாள் எதையும் திருகாதீர்கள். போனில் படம் எடுங்கள்: பிளக் வயர் வரிசை, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் கரண்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் கருவி) நிற்கிற கோணம், கார்ப்பரேட்டரைச் சுற்றிய குழாய்கள், காயிலின் (ஸ்பார்க்குக்கு வோல்ட்டைக் கூட்டித் தருவது) இரண்டு முனைகள், எர்த் வயர்கள். ஒவ்வொரு வயரிலும் பேப்பர் டேப் சுற்றி எண் போடுங்கள். திருகியதால் வந்த கோளாறா, ஏற்கெனவே இருந்ததா என்று பின்னால் பிரித்துப் பார்க்க இந்தப் படங்களே கைகொடுக்கும்.

அடுத்து எஞ்சினைக் கம்பெனி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். டேப்பெட் (வால்வு இடைவெளி), கம்ப்ரஷன், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் கரண்ட்டை வெட்டி விடும் முனைகள்), டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்), காற்றுக் கசிவு என்ற வரிசையில் போங்கள். கார்ப்பரேட்டர் கடைசி. நடைமுறையில் எல்லோரும் முதலில் கைவைப்பது கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவில்தான். அங்கே பெட்ரோலைக் கூட்டினால் கசிவும் தெரியாது, பலவீனமான ஸ்பார்க்கும் தெரியாது. வண்டி ஓடும், கோளாறு ஒளிந்துகொள்ளும்.

அம்பாசிடர் 1489 எஞ்சினுக்கு டேப்பெட் 0.015 அங்குலம் (0.38 மி.மீ.), பாயிண்ட் 0.014 முதல் 0.016 அங்குலம் (0.35–0.40 மி.மீ.), பிளக் 0.025 அங்குலம் (0.65 மி.மீ.), ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை) 1-3-4-2. டேப்பெட் வைக்க ஒன்பது கணக்கு போதும்: 1ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8ஐ வையுங்கள், 3 திறந்திருந்தால் 6, இப்படிக் கூட்டுத்தொகை ஒன்பது. ராக்கர் (வால்வை அழுத்தும் கை) நுனியில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்தக் குழிக்கு மேலே பாலம் போல நிற்கும். கேஜ் 0.015 காட்டும், உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கும். அளவு சரியாக வைத்தும் ஒரு டேப்பெட் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கே: டைமிங்கைப் புத்தகத்துல உள்ளபடி வச்சேன். முன்னாடி நல்லா இழுத்த வண்டி இப்போ செத்துப்போச்சு. நான் கெடுத்துட்டேனா?

இல்லை. நீங்கள் அசல் கோளாறை வெளியே கொண்டுவந்திருக்கிறீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் பிளேட்டுக்கு அடியில் இரண்டு எடைக்கட்டைகளும் இரண்டு சிறு ஸ்பிரிங்குகளும் உண்டு. வேகம் கூடும்போது டைமிங்கை முன்தள்ளுவது அவற்றின் வேலை. பல வருஷம் எண்ணெய் விடாமல் அவை துருப்பிடித்து இறுகிவிட்டால் ரோட்டில் பிக்கப் இருக்காது. அதைச் சரிசெய்யாமல் முந்தைய மெக்கானிக் டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பையே திருகி, ஐடிலிங்கிலேயே டைமிங்கை அளவுக்கு மீறி முன்னே தள்ளியிருப்பார். வண்டி இழுக்கும், கூடவே சூட்டில் செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் எதிர்த்து உதைக்கும், மேட்டில் டாப் கியரில் நாக்கிங் கேட்கும்.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பைக் கழற்றி, ரோட்டரை (உள்ளே சுற்றும் கட்டை) அது சுற்றும் திசையிலேயே விரலால் திருப்பி விடுங்கள். சில டிகிரி போய், விட்டதும் டக்கென்று திரும்பி வர வேண்டும். அசையவே இல்லை என்றாலும், போய் அங்கேயே நின்றுவிட்டாலும் பிளேட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, அச்சில் இரண்டு சொட்டு மெல்லிய எண்ணெய் விட வேண்டும். வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பாருங்கள். பிளேட் நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். காற்று தொடர்ந்து வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. சில வண்டிகளில் அந்தக் குழாயையே எடுத்துவிட்டுக் கார்ப்பரேட்டர் துளையில் ஸ்க்ரூ அடித்திருப்பார்கள், அதையும் பாருங்கள்.

பழைய ஓனர்கள் விட்டுப்போகும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த வகைதான். ஒரு தப்பை இன்னொரு தப்பு தாங்கிப் பிடிக்கும். அதனால் ஒரு வேலை செய்ததும் ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள். ஒரே நாளில் பிளக், பாயிண்ட், காயில், கார்ப்பரேட்டர் கிட் எல்லாம் மாற்றினால் எது தீர்த்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

கே: பிளக் வயர் வரிசை புத்தகத்தோட ஒத்துவரலை. ஆனா எஞ்சின் ஓடுது. மாத்தணுமா?

உடனே மாற்றாதீர்கள். ஓவர்ஹால் செய்தபோது டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ் கியரை 180 டிகிரி திருப்பியோ சில பல் தள்ளியோ போட்டிருப்பார்கள். பிறகு அதற்குத் தோதாக வயர்களை நகர்த்தியிருப்பார்கள். ஓட்டத்துக்கு அதனால் குறை இல்லை. அடுத்து யாராவது புத்தகம் பார்த்து வயர் மாட்டும்போதுதான் சைலன்சரில் வெடிக்கும்.

4ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒன்று மூடி ஒன்று திறக்கும் தருணத்தில் 1ஆம் சிலிண்டர் கம்ப்ரஷன் உச்சத்தில் இருக்கும். அப்போது ரோட்டர் காட்டுகிற முனைதான் 1ஆம் பிளக்குக்கு உரியது. அங்கிருந்து ரோட்டர் சுற்றும் திசையில் 1-3-4-2. அம்பாசிடரில் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. மற்ற வண்டியில் கேப்பைக் கழற்றிச் செல்ஃபை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புல்லியில் உள்ள டைமிங் குறியையும் நம்பிவிடாதீர்கள், புல்லியே வேறு வண்டியுடையதாக இருக்கலாம். பழைய பிளக் உடலில் ஒரு போல்ட்டைப் பொருத்தி 1ஆம் துளையில் மாட்டி, மற்ற பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். பிஸ்டன் போல்ட்டில் முட்டும் இடத்தில் புல்லியில் கோடு. எதிர்ப்பக்கம் திருப்பி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுதான் உண்மையான மேல்முனை. இதைச் செய்யும்போது செல்ஃப் போடவே கூடாது, பிஸ்டன் உடைந்துவிடும்.

கே: புது பாயிண்ட் போட்டா ஒரு மாசம்கூட வரலை. கருகிப்போகுது.

காயிலைப் பாருங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரண்டு சிறு முனைகளுக்கு நடுவே அளந்தால், நேரடி 12 வோல்ட் காயில் சுமார் 3 ஓம் காட்டும். 1.5 ஓம் அளவில் இருந்தால் அது பேலஸ்ட் ரெசிஸ்டருடன் (கரண்ட்டைக் குறைக்கும் தடை) ஓட வேண்டிய காயில். யாரோ கிடைத்ததை மாட்டி ரெசிஸ்டரை விட்டுவிட்டார்கள். கரண்ட் இரண்டு மடங்கு பாயும், பாயிண்ட் கருகும், காயில் தொட முடியாமல் சுடும். காயில் சரியாக இருந்தால் கண்டென்சர்: சுமார் 0.2 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும். தரமில்லாத கண்டென்சர் குளிரில் சரியாகக் காட்டி, சூடானதும் கைவிடும். பழைய லூகாஸ் டைனமோ வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தை நெகட்டிவ்வாக மாற்றியிருந்தால் காயில் முனைகளையும் மாற்றியிருக்க வேண்டும். நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் மைனஸ் முனைதான் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும்.

கே: செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிள் சுடுது. இது என்ன மாயம்?

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய எர்த் பட்டை இல்லை, அல்லது பெயிண்டுக்கு மேலே முடுக்கியிருக்கிறார்கள். செல்ஃப் மோட்டாரின் கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகத் திரும்பி வருகிறது. உடனே கவனியுங்கள், தீப்பிடிக்கும் விஷயம் இது. மீட்டரின் ஒரு முனையை எஞ்சின் பிளாக்கிலும் மற்றதைப் பேட்டரி எர்த் முனையிலும் வைத்துச் செல்ஃப் அடித்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

கே: ஒத்தக்கடை தாண்டி மேலூர் ரோட்ல பதினஞ்சு, இருபது கிலோமீட்டர் போனதும் நின்னுடுது. பத்து நிமிஷம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

நின்ற அந்த முதல் இரண்டு நிமிடத்தில்தான் விடை இருக்கிறது. ஓரம் கட்டியதும் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூச்சுத் துளை அடைபட்டிருக்கிறது. தொலைந்த மூடிக்குப் பதிலாகத் துளை இல்லாத மூடி போட்டிருப்பார்கள். இல்லையென்றால், நாள்கணக்கில் நின்ற வண்டியில் குளவி மண்கூடு கட்டி மூச்சுக் குழாயை அடைத்திருக்கும்.

உஸ் சத்தம் இல்லையென்றால் ஸ்பார்க். வண்டியில் ஒரு உபரி பிளக் வைத்திருங்கள். அதை ஒரு வயரில் மாட்டி, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் எஞ்சினில் எர்த் செய்து செல்ஃப் அடியுங்கள். நீல நிறத்தில் பலமாக அடித்தால் ஸ்பார்க் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ சூட்டில் கைவிடும் காயில் அல்லது கண்டென்சர்.

ஸ்பார்க் இருக்கிறது என்றால் பெட்ரோல். பத்மினியின் சோலெக்ஸ் கார்ப்பரேட்டரில் ஏர் ஃபில்டரை எடுத்து, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லித் தொண்டைக்குள் பாருங்கள், பீய்ச்ச வேண்டும். எஸ்.யு. என்ற வேறு வகைக் கார்ப்பரேட்டரில் அப்படிப் பீய்ச்சும் பம்ப் கிடையாது. எஞ்சின் ஆறிய பிறகு ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டுச் செல்ஃப் அடியுங்கள், துடித்துத் துடித்துப் பலமாக விழ வேண்டும். வராவிட்டால் அங்கிருந்து டேங்க் வரை பின்னோக்கித் தேடுங்கள். டேங்க் ஓட்டையை சோப்பாலும் எம்-சீலாலும் அடைத்திருப்பார்கள். உள்ளே துரு உதிர்ந்து உறிஞ்சு குழாயின் வாயில் போய் உட்காரும். வண்டி நின்றதும் அது கீழே விழும், பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் ஆகும் மர்மம் அதுதான்.

சித்திரை, வைகாசி வெயிலில் மட்டும் நின்றால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிறது. கம்பெனி போட்ட இரும்புக் குழாயை எடுத்துவிட்டு ரப்பர் ஹோஸை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மேலே ஓட்டியிருக்கிறார்களா, கார்ப்பரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய பேக்கலைட் கட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் கேஸ்கெட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தக் கட்டை சூட்டைத் தடுக்கத்தான் இருக்கிறது.

கே: ஹீட் ஆகுது. ரேடியேட்டரை ரெண்டு தரம் சர்வீஸ் பண்ணியாச்சு.

எப்போது ஹீட் ஆகிறது என்பதை முதலில் பிரியுங்கள். கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. கப்பலூர் தாண்டித் திருமங்கலம் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை, அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது.

முதல் வகைக்கு: எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் முன்னால் ஒரு நியூஸ்பேப்பர் தாளைக் காட்டுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பிடிப்பு பலவீனமாக இருந்தால் ஃபேன் இறக்கையைத் திருப்பி மாட்டியிருக்கலாம். தள்ளிவிட்டால் எதிர்த்திசையில் சுற்றும் ஃபேனின் இறக்கையை மாட்டியிருக்கிறார்கள், எலக்ட்ரிக் ஃபேன் என்றால் வயர் மாறியிருக்கிறது. காற்றைக் குவிக்கும் தகரக் கூடு இருக்க வேண்டிய வண்டியில் அது இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாம் வகையில்தான் பழைய கைவேலை அதிகம். நம் பக்கத்தில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைப் போடும் வழக்கம் உண்டு. அன்றைக்கு வீடு வந்து சேர அது உதவும். ஆனால் ஒழுகும் ஓட்டையை அடைத்த அதே மஞ்சள், மெல்லிய குழாய்களையும் அடைக்கும். அதற்கு மேல் வருஷக்கணக்கில் ஊற்றிய உப்பு போர்த் தண்ணீரின் காரை. ரேடியேட்டரை மட்டும் சர்வீஸ் செய்வது பாதி வேலைதான், மீதிச் சேறு பிளாக்கில் கிடக்கிறது. அம்பாசிடர் பிளாக்கின் பக்கவாட்டில் பின்புறம் ஒரு டிரெயின் உண்டு. அதைத் திறந்தால் தண்ணீர் வராது. கம்பி விட்டுக் குத்தினால் செம்மண் குழம்பு வரும். தண்ணீர் தெளியும்வரை எதிர்த்திசையில் தள்ளுங்கள். காரைக்கு, லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, எஞ்சின் சூட்டில் இருபது நிமிடம் ஓட்டி வடித்து, இரண்டு முறை அலசினால் போதும். பத்மினியின் ஹெட் அலுமினியம், ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள். பிறகு சுத்திகரித்த தண்ணீரும் கூலண்ட்டும் சரிபாதி. மஞ்சள் அடைத்திருந்த ஓட்டை இப்போது திறந்துகொள்ளும். அதைப் பற்றவைத்துத்தான் ஆக வேண்டும்.

கீழ் ஹோஸையும் பாருங்கள். எஞ்சினை ரேஸ் செய்யும்போது அது சப்பையானால் உள்ளே இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லை. ரேடியேட்டர் மூடியில் உள்ள எண்ணையும் படியுங்கள். இந்தக் காலத்து வண்டிகளின் மூடி 13 முதல் 16 பி.எஸ்.ஐ. வரை தாங்கிப் பிடிக்கும். அம்பாசிடர் காலத்து ரேடியேட்டர் அதில் பாதிக்குத்தான் கட்டப்பட்டது; பெரிய மூடி போட்டால் பற்றவைத்த இணைப்புகள் விட்டுவிடும்.

இவை எல்லாம் சரி என்றால் ஹெட் கேஸ்கெட். குளிர்ந்த எஞ்சினில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றி, ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடி இல்லாமல் ஒரு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். குமிழி விடாமல் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

கே: தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டா நம்ம ஊர் வெயிலுக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

வெயில் காலத்திலும் அது வேண்டும். இல்லாத எஞ்சின் சூடாக நேரம் பிடிக்கும், அதுவரை சோக்கில் ஓடும், பிளக் கறுக்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரைக் கழுவி ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கை மோந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிவிட்டுத் தெர்மோஸ்டாட் போடுங்கள். எடுத்துவிட்டால்தான் ஹீட் ஆகாமல் இருக்கிறது என்றால், மேலே சொன்ன அடைப்பு இன்னும் தீரவில்லை.

கே: ஆயில் லைட் எரியவே இல்லை, அப்போ பிரஷர் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். சாவி போட்டும் எரியவில்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள் அல்லது வயரை வெட்டியிருக்கிறார்கள். சுவிட்சைக் கழற்றி அங்கே ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். அம்பாசிடர் எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் 50 பி.எஸ்.ஐ. அளவும், ஐடிலிங்கில் 15க்கு மேலும் காட்டினால் கவலை இல்லை. ஆனால் அளப்பதற்கு முன் ஆயிலை வடித்து 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். விற்பதற்கு முன் கெட்டியான ஆயிலும், புகையை மறைக்கும் பசை போன்ற சேர்மானமும் ஊற்றியிருப்பார்கள். பிரஷர் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் கூடுதல் வாசர் வைத்திருக்கிறார்களா என்றும் கழற்றிப் பாருங்கள். தேய்ந்த பேரிங்கை மறைக்கும் பழைய வழி அது. ஆயில் சம்ப்பைக் கழற்ற நேர்ந்தால் உறிஞ்சு சல்லடையைக் கட்டாயம் பாருங்கள், அள்ளிப் பூசிய சிலிகான் பேஸ்ட் பிதுங்கி உள்ளே உதிர்ந்து அதில்தான் போய்ச் சேரும்.

கே: புகை விடுது. போர் வேலை (சிலிண்டரைக் கடைஞ்சு பெரிசாக்குறது) செய்யணும்னு சொல்றாங்க. செலவு செய்றதுக்கு முன்னாடி எப்படி உறுதி செய்றது?

கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போது கியரிலேயே, ஆக்சிலேட்டரை விட்டு நெடுந்தூரம் வந்து, பிறகு மிதித்ததும் குப்பென்று நீலப் புகை வந்து அடங்கினால் வால்வு கைடும் சீலும். மேடு ஏறும்போது விடாமல் புகைந்தால் ரிங்கும் போரும். சிறுமலை வளைவுகளிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

பிறகு கம்ப்ரஷன். எஞ்சினைச் சூடாக்கி, நாலு பிளக்கையும் கழற்றி, காயில் வயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு சுற்று. நான்குக்கும் உள்ள வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. அடுத்தடுத்த இரண்டு சேர்ந்து குறைந்தால் அவற்றுக்கு நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது.

ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டன் தலையைத் துடைத்துப் படியுங்கள். 020, 030, 040, 060 என்ற எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பெரிதாகப் போர் செய்திருக்கிறது என்று சொல்லும். 060 என்றால் அடுத்தது பெரும்பாலும் ஸ்லீவ்தான் (சிலிண்டருக்குள் புதுக் குழாய் இறக்குவது). நாலு பிஸ்டனும் ஒரே கம்பெனி, ஒரே வகையா என்றும் பாருங்கள். ஒன்று மட்டும் வேறாக இருந்தால் எடை மாறும், எந்த டியூனிங்குக்கும் தீராத அதிர்வு அதிலிருந்து வரும்.

கே: கம்ப்ரஷன் நல்லா இருக்கு, ஸ்பார்க் நல்லா இருக்கு. மேட்டுல மிதிச்சா கார்ப்பரேட்டர் வழியா தும்முது.

காற்றுக் கசிவு முதல் சந்தேகம். ஐடிலிங்கில் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஓரத்தில் கார்ப்பரேட்டர் கிளீனரைத் துளியளவு அடித்து, எஞ்சின் சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். அம்பாசிடரில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம் என்பதால் எஞ்சின் சூடேறும் முன் செய்யுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். த்ராட்டில் அச்சு ஆடினாலும் அதே கசிவுதான்.

கசிவு இல்லை என்றால் ராக்கர் கவரைத் திறந்து, ஒவ்வொரு வால்வும் எவ்வளவு இறங்குகிறது என்று டயல் கேஜில் அளங்கள். கேம் ஷாஃப்டில் ஒரு எக்ஸாஸ்ட் மேடு தேய்ந்திருந்தால் எரிந்த புகை முழுதாக வெளியேறாமல், இன்லெட் திறந்ததும் அந்தப் பக்கம் திரும்பும். கம்ப்ரஷன் டெஸ்ட் இதைக் காட்டாது. பலர் இரண்டு கார்ப்பரேட்டர் மாற்றிய பிறகே இங்கே வந்து சேர்கிறார்கள்.

கே: முன்னாடி கேஸ்ல ஓடின வண்டி. கிட்டைக் கழட்டிட்டாங்க. கவனிக்க வேண்டியது?

மூன்று. ஏர் ஃபில்டருக்குக் கீழே மிக்ஸர் வளையம் இன்னும் இருக்கலாம், அது காற்றை நெரிக்கும். பெட்ரோல் குழாயில் சோலனாய்டு வால்வு மிச்சம் இருந்தால் சூட்டில் அது மூடிக்கொள்ளும். மூன்றாவது வால்வு சீட். அம்பாசிடரின் இரும்பு ஹெட்டில் சீட் ஹெட்டிலேயே வெட்டியது. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தச் சீட்டுக்கு ஒரு பூச்சாக இருந்தது. 2000 பிப்ரவரியில் ஈயம் நின்றது. கேஸில் அந்தப் பூச்சு முதலிலிருந்தே கிடையாது. எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள் புதையப் புதைய டேப்பெட் இடைவெளி குறையும். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு முறையும் இறுகியிருந்தால், லேத்தில் கொடுத்து உறுதியான சீட் வளையம் இறக்குவதுதான் வழி.

கே: இ-20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) போட்டதிலிருந்து மந்தமா இருக்கு.

எத்தனாலிலேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை மெலியும். எஸ்.யு. கார்ப்பரேட்டரில் ஜெட் நட்டை ஒரு பட்டை கீழே இறக்கி, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கிப் பாருங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், எஞ்சின் அணைந்துபோனால் குறைவு, ஒரு கணம் ஏறிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயாஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்கைப் பாதியாக வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து எத்தனாலும் தண்ணீரும் அடியில் பிரிந்து நிற்கும்.

கே: ஆர்.சி. புத்தகத்துல உள்ள எஞ்சின் நம்பரும் பிளாக்ல உள்ள நம்பரும் வேறவேறயா இருக்கு.

பணம் கொடுப்பதற்கு முன் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். எஞ்சின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிவாகியிருக்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் டீசல் எஞ்சின் இறக்கி, ஆர்.சி.யில் பெட்ரோல் என்றே இருக்கும் வண்டிகள் உண்டு. ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, எஞ்சினும் சேசிஸும் அசல் நிலையில் பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. பிளாக்கில் நம்பர் உள்ள இடத்தைப் பெயிண்ட் நீக்கிச் சுத்தம் செய்து, சாக்பீஸ் தேய்த்துப் படம் எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடம் ராவியது போலவோ வழுவழுப்பாகவோ இருந்தால் வண்டி எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாங்க வேண்டாம்.